மக்கள் போராட்டங்களை மேலிருந்து யாரோ நடத்துகிறார்களா? இடிந்தகரைக்காரியின் பதில்

"மக்கள் போராட்டம் என்று சொல்லப்படுபவை எல்லாம் மேலே இருக்கும் யாரோ பணம் கொடுத்து நடத்துபவைதானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் தெருவில் இதுவரை ஒரு போராட்டமும் நடந்திருக்காது என்று நினைக்கிறேன். நடந்திருந்தால், யார் பணம் கொடுத்தார்கள் என்று கேட்டிருக்க மாட்டீர்கள். வீட்டுக்கு எவ்வளவு வசூலித்தார்கள் என்று கேட்டிருப்பீர்கள்.

எனக்குச் சொந்த ஊர் இடிந்தகரை. கூடங்குளம் அணு உலைக்கு எதிரான போராட்டம் எங்கள் லூர்து மாதா கோயில் முன்னால் போட்ட பந்தலில்தான் நடந்தது. 2012 பிப்ரவரியில் அன்றைய பிரதமர் மன்மோகன் சிங், ஓர் அமெரிக்க அறிவியல் இதழுக்கு அளித்த பேட்டியில், இதற்குப் பின்னால் தொண்டு நிறுவனங்கள் இருப்பதாகவும் அவற்றில் பெரும்பாலானவை அமெரிக்காவைச் சேர்ந்தவை என்றும் சொன்னார். நான் அப்போது பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். மறுநாள் காலைச் சாப்பாட்டு வரிசையில் ஒருத்தி திரும்பி, "உங்கள் வீட்டுக்கு எத்தனை டாலர் வந்தது?" என்று கேட்டாள். அந்த மாதம் என் விடுதிக் கட்டணம் கட்டப்படவில்லை. அதை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை.

ஏன் கட்டவில்லை என்று சொல்கிறேன். என் அம்மா பீடி சுற்றுபவள். பந்தலுக்குப் போகும்போது சுளகையும் கையோடு எடுத்துப் போவாள். எங்கள் ஊரில் பாதிப் பெண்கள் அப்படித்தான். மேடையில் யாராவது பேசிக்கொண்டிருப்பார்கள். கீழே மணலில் விரித்த பாயில் இலையைக் கத்தரித்து, தூளை வைத்து உருட்டி, நூலைச் சுற்றிக்கொண்டிருப்பார்கள். கோஷம் போட வேண்டிய நேரத்திலும் கை நிற்காது. கடற்கரைக் காற்றில் தூளுக்குள் மணல் விழும். சாயங்காலம் பீடிக் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தால், மணல் இருக்கிறது என்று கட்டுக் கட்டாகக் கழித்துவிடுவார்கள். ஆயிரம் சுற்றினால் எழுநூறுக்குத்தான் கூலி. மறுநாள் காலை அதே சுளகோடு பந்தலுக்குப் போவாள்.

அப்பாவின் வள்ளத்தில் வந்த மீன்பாட்டில் பத்தில் ஒரு பங்கு போராட்டத்துக்குப் போனது. ஊரே அப்படிக் கொடுத்தது. ஏலம் முடிந்ததும் பங்கு பிரிப்பதற்கு முன்பே அந்தப் பணத்தைத் தனியாக எடுத்து வைத்துவிடுவார்கள். ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிய பத்து ரூபாய், இருபது ரூபாய் நோட்டுகள். என் விடுதிக் கட்டணமும் அதில்தான் போனது. டாலர் என்று யாராவது சொன்னால் இன்றும் எனக்கு அந்த நோட்டுகளின் மீன் வாசம்தான் வருகிறது.

உடனே சிலர் வருவார்கள், "அப்படியானால் எல்லாம் தானாக நடந்ததா? உங்கள் பாதிரியார்கள் சொல்லித்தானே போனீர்கள்?" என்று. தானாக நடந்தது என்று நான் சொல்லவே இல்லை. கோயில் மணி அடித்தால் கூடுவோம். இன்று கடலுக்குப் போகக் கூடாது என்று ஊர்க் கமிட்டி முடிவெடுத்தால் ஒரு வள்ளமும் இறங்காது. அது சிலருக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. என் சித்தப்பாவுக்குக் கடன் இருந்தது, முணுமுணுத்துக்கொண்டேதான் உட்கார்ந்தார். இதை மறைத்து எழுதினால் என் ஊர்க்காரர்களே என்னை நம்ப மாட்டார்கள். போராட்டத்தை முன்னின்று ஒருங்கிணைத்த சுப. உதயகுமார் நாகர்கோவில்காரர், அமெரிக்காவில் படித்தவர் என்பதும் உண்மை. அவர் எங்கள் ஊரிலேயே தங்கிக் கூட்டங்களை நடத்தினார், அறிக்கைகள் எழுதினார். ஆனால் பயம் அவர் கொண்டுவந்தது இல்லை. 2004 சுனாமியைக் கண்ணால் பார்த்த ஊர் எங்களுடையது. அதன் பிறகு கட்டிக்கொடுத்த சுனாமி காலனியிலிருந்து பார்த்தால் அணு உலை தெரியும். 2011 மார்ச்சில் ஜப்பானின் புகுஷிமா அணு உலைப் பக்கம் கடல் உள்ளே புகுந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது, அது என்னவென்று எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்த ஆண்டு செப்டம்பர் 11 அன்று 127 பேர் காலவரையற்ற உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள்.

இன்னொன்று. இந்த உலைக்காக அன்றைய பிரதமர் ராஜீவ் காந்தியும் சோவியத் தலைவர் கோர்பச்சேவும் ஒப்பந்தம் போட்டது 1988 நவம்பரில். 1989 மே தினத்தில் கன்னியாகுமரியில் மீனவர்கள் நடத்திய பேரணியிலேயே இந்த உலைக்கு எதிர்ப்புக் குரல் எழுந்தது. அந்தப் பேரணியில் போலீஸ் துப்பாக்கிச் சூடும் நடந்தது. நான் அப்போது பிறக்கவே இல்லை.

அணுமின்சாரம் வேண்டுமா வேண்டாமா என்று வாதாட இதை எழுதவில்லை. 2012இல் தமிழ்நாடு முழுவதும் எத்தனை மணி நேரம் மின்சாரம் இல்லாமல் தவித்தது என்று எனக்கும் தெரியும். தலைக்கு இவ்வளவு என்று பேசி, பிரியாணிப் பொட்டலம் கொடுத்து லாரியில் ஏற்றி வரும் கூட்டங்களையும் பார்த்திருக்கிறேன். அப்படி வந்த கூட்டம் சாயங்காலம் லாரி கிளம்பும்போது கிளம்பிவிடும். எங்கள் ஆட்கள் உலையை முற்றுகையிடப் போய், 2012 செப்டம்பர் 9 இரவு முழுவதும் கடற்கரை மணலில் படுத்திருந்தார்கள். மறுநாள் கண்ணீர்ப்புகை குண்டு விழுந்தபோது பலர் கடலுக்குள் இறங்கி நின்றார்கள். என் அம்மாவும் இடுப்பளவு தண்ணீரில் நின்றாள். அன்று தூத்துக்குடி மாவட்டத்து மணப்பாட்டில் ஒரு மீனவர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். சென்னையில் வாடகைக்கு வீடு தேடியபோது சொந்த ஊர் எது என்று கேட்ட மூன்று வீட்டுக்காரர்கள், "கருவாடு சமைப்பீர்களா?" என்றுதான் அடுத்த கேள்வி கேட்டார்கள். எங்கள் உழைப்பும் வேண்டாம், எங்கள் சாப்பாடும் வேண்டாம், எங்கள் பேச்சும் வேண்டாம். நாங்கள் வாய் திறந்தால் மட்டும் அதற்குப் பின்னால் வேறு யாரோ இருக்க வேண்டும். மீன்காரிக்குச் சொந்தமாக ஒரு கருத்து இருக்கும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

அந்தப் போராட்டத்துக்காக ஆயிரக்கணக்கானவர்கள் மீது வழக்குப் போட்டார்கள், தேசத்துரோகப் பிரிவையும் சேர்த்து. என் அண்ணன் பெயரும் ஒன்றில் இருந்தது. அவனுக்கு அப்போது 22 வயது. வளைகுடாவில் வேலை தயாராக இருந்தது, பாஸ்போர்ட் கிடைக்கவில்லை. கிரிமினல் வழக்குகளைத் திரும்பப் பெற முயற்சி எடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013 மே 6 தீர்ப்பில் சொன்னது. அந்தத் தீர்ப்பின் நகலை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அண்ணன் ஒவ்வோர் அலுவலகமாக ஏறி இறங்கினான். மடிப்பில் கிழிந்ததும் வேறு நகல் எடுத்தான். பிறகு அலைவதை நிறுத்திவிட்டு அப்பாவோடு வள்ளத்தில் ஏறினான். இப்போதும் அதே வள்ளம்தான்.