வாஷிங் பவுடர்ல இருக்குற பாக்டீரியா என்சைம் புரதத்தை வெட்டும்னா, துணியையும் கையையும் வெட்டாதா?

கேட்டவங்களோட கேள்வி ரெண்டு. பவுடர் கவர்ல என்சைம்னு போட்டிருக்காங்களே அது பாக்டீரியாலருந்து வருதாமே, எப்படி வேலை செய்யுது? அப்புறம் அது நம்ம துணியை, கையை ஏதும் பண்ணிடாதா?

ரெண்டாவதுக்கு முதல்ல சொல்லிடறேன். பருத்தியைத் தொடாது. பட்டுல கை வைக்கும். கை தோலை லேசுல ஒண்ணும் பண்ணாது. இந்த மூணும் ஏன் அப்படின்னா அந்த என்சைமோட வடிவத்துக்குள்ள போய்ப் பார்த்தாதான் புரியும், எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் அது, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

பவுடர்ல புரதக் கறையை வெட்டுறதுக்குப் போடுற என்சைம்ல முக்கியமானது சப்டிலைசின். பேசில்லஸ்ங்கிற மண் பாக்டீரியா செய்யுறது. காரைக்குடில பயோடெக்னாலஜி படிச்சப்ப இதைக் கண்ணால பார்த்திருக்கோம். ஊரணிக் கரை மண்ணை எடுத்துத் தண்ணில கரைச்சு 80 டிகிரில பத்து நிமிஷம் சூடு பண்ணுவோம், மத்த பாக்டீரியா பெரும்பாலும் செத்துடும், பேசில்லஸ் மாதிரி ஆளுங்க மட்டும் ஸ்போரா (கெட்டி ஓடு போட்டு உறங்குற நிலைல) தாக்குப்பிடிச்சு நிக்கும். அதைப் பால் பவுடர் கலந்த அகார் தட்டுல தடவி வச்சா மறுநாள் வெள்ளைத் தட்டுல சில காலனியைச் சுத்தி மட்டும் கண்ணாடி மாதிரி தெளிஞ்ச வளையம் இருக்கும். பால்ல இருக்குற கேசின் புரதத்தை என்சைம் வெட்டித் தள்ளுன இடம் அது. காலனி சின்னதா இருக்கும், வளையம் அதைவிடப் பெரிசா இருக்கும், ஏன்னா என்சைம் செல்லுக்குள்ள உக்காந்து வேலை செய்யல, வெளில வந்து பரவி வெட்டுது. மண்ணுல சாப்பாடு குறையும்போது சுத்தி கிடக்குற புரதத்தைத் துண்டாக்கி உள்ள இழுத்துக்குறதுக்குத்தான் அந்தப் பாக்டீரியா இதைச் செய்யுது.

இப்போ வடிவம். நல்லா ஆராய்ஞ்ச ஒரு வகை சப்டிலைசின் பிபிஎன் பிரைம், அதுல 275 அமினோ அமிலம் (புரதத்தைக் கட்டுற சின்ன மணிங்க) ஒரே சங்கிலியா இருக்கு. நடுவுல ஏழு பீட்டா இழை (சங்கிலி நீட்டி நிக்குற பகுதி) ஒரே திசையில அடுக்கா ஓடும், ரெண்டு பக்கமும் ஆல்ஃபா சுருள் அணைச்சிருக்கும், மொத்தத்துல ஒரு உருண்டை. 1969லயே எக்ஸ்ரே மூலமா இந்த அமைப்பைக் கண்டுபிடிச்சிட்டாங்க. வெட்டுற வேலையைச் செய்யுறது மூணே மூணு அமினோ அமிலம்: 32வது இடத்துல அஸ்பார்டேட், 64வதுல ஹிஸ்டிடின், 221வதுல செரின். சங்கிலியா நீட்டிப் பார்த்தா ஒண்ணுக்கொண்ணு எங்கேயோ இருக்கு. ஒரு கண்டாங்கிச் சேலையை விரிச்சா தள்ளித் தள்ளி இருக்குற மூணு புள்ளி, மடிச்சு வச்சா ஒண்ணு மேல ஒண்ணு வந்து உக்காருமே, அப்படித்தான் புரதம் சரியா மடிஞ்சா மட்டும் இந்த மூணும் பக்கத்துல வரும். மடிப்பு கலைஞ்சா வெட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல.

வெட்டுறது எப்படின்னா, புரதச் சங்கிலி என்சைம் மேல இருக்குற ஒரு பள்ளத்துல வந்து படியும். செரினோட ஹைட்ராக்சில்ல (OH பகுதில) இருக்குற புரோட்டானை ஹிஸ்டிடின் வாங்கிக்கும், அஸ்பார்டேட் அந்த ஹிஸ்டிடினை சரியான நிலைல பிடிச்சு வச்சிருக்கும், இப்ப வேகம் வந்த செரின், அமினோ அமிலங்களைக் கோக்குற பெப்டைடு பிணைப்போட கார்பனைத் தாக்கும். அந்த நொடில ஆக்சிஜன்ல தேங்குற எதிர் மின்சுமையை 155வது இடத்துல இருக்குற அஸ்பரஜின் தாங்கிக்கும். சங்கிலி ஒடையும், ஒரு துண்டு கழண்டு போயிடும், இன்னொரு துண்டு செரின்ல ஒட்டிக்கிட்டு நிக்கும், அப்புறம் ஒரு தண்ணி மூலக்கூறு வந்து அதையும் விடுவிக்கும், என்சைம் பழையபடி அடுத்த வெட்டுக்கு ரெடி. என்சைம் இல்லாம வெறும் தண்ணில ஒரு பெப்டைடு பிணைப்பு தானா ஒடையணும்னா சில நூறு வருஷம் ஆகும். 1988ல அந்த ஒரு செரினை மட்டும் அலனின்ங்கிற வேற அமினோ அமிலமா மாத்திப் பார்த்தாங்க, வேகம் சுமார் 20 லட்சம் மடங்கு விழுந்துடுச்சு.

என்னை மலைக்க வைக்கிறது இன்னொண்ணு. நம்ம கணையத்துல சுரக்குற கைமோட்ரிப்சின்ங்கிற செரிமான என்சைம்லயும் இதே மூணு பேர்தான், இதே வேலைதான். ஆனா மொத்த உடம்பு வேற, மடிப்பே வேற, சங்கிலில இருக்குற இடத்தோட எண்ணும் வேற (57, 102, 195). ரெண்டுக்கும் பொதுவான மூதாதை கிடையாது, இயற்கை தனித்தனியா ரெண்டு வழில நடந்து ஒரே விடைக்கு வந்து சேர்ந்திருக்கு. முதல் தடவை படிச்சப்ப புத்தகத்தை மூடி வச்சுட்டு கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன்.

இவ்வளவு கூரான ஆயுதத்தைச் செய்யுற பாக்டீரியா தன்னையே வெட்டிக்காதான்னு அடுத்த கேள்வி வரும். வெட்டிக்காது, ஏன்னா அந்த என்சைம் முன்னாடி 77 அமினோ அமிலம் ஒட்டுன நிலைலதான் பிறக்குது. அந்த முன்பகுதி இல்லேன்னா புரதம் ஒழுங்கா மடியவே மடியாது. மடிஞ்சதும் என்சைமே அதை வெட்டி விட்டுடும், ஆனா வெட்டுப்பட்ட துண்டு வாசல்லயே உக்காந்து அடைச்சுக்கும், அது சிதைஞ்சாத்தான் வேலை தொடங்கும். இதெல்லாம் நடக்குறது செல்லுக்கு வெளில.

பவுடர்ல போடுறதுக்கு இதை இன்னும் பலப்படுத்தணும். செரினுக்குப் பக்கத்துலயே 222ல ஒரு மெத்தியோனைன் இருக்கு, பிளீச் பட்டா அது ஆக்ஸிஜனேற்றம் ஆகி என்சைம் படுத்துடும். 1985ல ஜெனன்டெக்ங்கிற பயோடெக் கம்பெனில அதை வேற அமினோ அமிலமா மாத்திப் பார்த்து பிளீச்சைத் தாங்குற வகைங்களைக் கண்டுபிடிச்சாங்க. அமெரிக்க விஞ்ஞானி ஃபிரான்சஸ் அர்னால்டு சப்டிலைசினைக் கண்டபடி மாத்தி மாத்தித் தேர்ந்தெடுத்து, டிஎம்எஃப்ங்கிற கரிமக் கரைப்பான்ல பழசைவிட 256 மடங்கு நல்லா வேலை செய்யுற ஒண்ணை எடுத்தாங்க, 2018ல அவங்களுக்கு வேதியியல் நோபல்.

இப்போ துணிக்கு வருவோம். பருத்தி செல்லுலோஸ், புரதமே இல்ல, அதனால கண்டாங்கியை தைரியமா ஊறப் போடலாம் (சாயம் போகுமான்னு தனியா பார்த்துக்குங்க, அது வேற சமாச்சாரம்). பட்டு முழுக்கப் புரதம், ஃபைப்ரோயினும் செரிசினும். பக்கத்து வீட்டு ஆச்சி ஒரு தடவை, "ஏப்பா, கல்யாணப் பட்டை இதுல அலசலாமா?"ன்னு கேட்டாங்க, "வேணாம் ஆச்சி, மினுமினுப்பு போயிடும், கறையோட சேர்த்து சேலையையும் தின்னும்"னேன். பட்டு, கம்பளி ரெண்டுக்கும் இதே பதில்.

கை தோலோட மேல் அடுக்கு செத்த செல்லு, கெரட்டின் நெருக்கமா பின்னி கந்தகப் பிணைப்பால இறுக்கியிருக்கும், பள்ளத்துல வந்து படியுறதுக்குத் தளர்வா இல்ல. ஆனா வெட்டுக்காயம், வெடிப்பு இருந்தா கையுறை போட்டுக்குங்க. பவுடரை முகத்துக்கு நேரா தூவாதீங்க. 1960கள்ல தூளைச் சுவாசிச்ச பேக்டரி தொழிலாளிகளுக்கு ஆஸ்துமா வந்திருக்கு, அப்புறம்தான் என்சைமுக்கு மேல பூச்சு போட்டுக் குருணையா மாத்துனாங்க.

வீட்டுல கறை போகலைன்னா குறை எங்கேன்னு பாருங்க. முட்டை, ரத்தம், பால், வேர்வை இதெல்லாம் புரதம், என்சைமுக்கு இரை. கறிக்குழம்புல இருக்குற மஞ்சள் புரதம் இல்ல, சப்டிலைசினால ஒண்ணும் முடியாது, சோப்பு பட்டதும் செவந்து நிக்கும், அதுக்கு வெயில்ல காயப் போடுங்க, ரெண்டு நாள்ல வெளுக்கும். ரத்தக் கறைக்கு முதல்லயே கொதிக்கிற தண்ணி ஊத்தாதீங்க, கறைப் புரதம் வெந்து துணில இறுகிடும், என்சைமோட மடிப்பும் கலைஞ்சிடும். பச்சைத் தண்ணில அலசிட்டு, வெதுவெதுப்பான தண்ணில பவுடர் போட்டு அரை மணி நேரம் ஊற விடுங்க, குளோரின் பிளீச் அது கூட வேணாம்.