ஸ்டியரிங் ஆடுகிறது, முன்பக்கம் டொக் டொக் என்று சத்தம்: ரேக்கையே மாற்ற வேண்டுமா?

உங்கள் வண்டி ஏழு வருடம் ஓடிய, ஹைட்ராலிக் பவர் ஸ்டியரிங் உள்ள டீசல் எஸ்யூவி. ஸ்டியரிங் தளர்ந்திருக்கிறது, மேடுபள்ளத்தில் சத்தம் வருகிறது, பட்டறையில் ரேக் (ஸ்டியரிங்கின் சுழற்சியைப் பக்கவாட்டு அசைவாக்கிச் சக்கரங்களைத் திருப்பும் பாகம்) முழுவதையும் மாற்றச் சொல்கிறார்கள், அடுத்த மாதம் குடும்பத்தோடு வால்பாறை போக வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆட்டம் எந்த மூட்டில் இருக்கிறது என்பதைக் கையால் தொட்டுப் பார்க்கும் வரை ரேக்குக்குப் பணம் கட்டாதீர்கள் என்பதே என் பதில்.

இதே சத்தத்தோடு கோபியிலிருந்து நான் வண்டியைக் கொண்டுபோன ஒரு பட்டறையில், கீழே படுத்துக்கூடப் பார்க்காமல், ரேக்கின் உள் இடைவெளியைக் குறைக்கும் அட்ஜஸ்டிங் ஸ்குருவை இறுக்கி அனுப்பிவிட்டார்கள். சத்தம் பாதியாகக் குறைந்தது, எனக்கும் மகிழ்ச்சிதான். அந்த வாரமே திம்பம் மலைப்பாதையில் ஏறினோம். இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகளில் முதல் வளைவிலேயே, திருப்பிய ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பாமல் திருப்பிய இடத்திலேயே நின்றுவிட, மீதி வளைவுகள் அனைத்திலும் நானே அதை இழுத்து நேராக்க வேண்டியிருந்தது. தேய்ந்த மூட்டு ஒன்று வேறெங்கோ இருக்க, நன்றாக இருந்த ரேக்கை இறுக்கினால் இப்படித்தான் ஆகும்.

சரியான சோதனையைச் சொல்லிக்கொடுத்தவர் நாமக்கல்லில் லாரி வைத்திருந்த என் பெரியப்பா. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கல் வைத்து, நியூட்ரலில் இன்ஜினை ஓடவிடுங்கள். இன்ஜினை அணைத்துவிட்டுப் பார்த்தால் ஹைட்ராலிக் ஸ்டியரிங்கில் இயல்பாகவே கொஞ்சம் ஆட்டம் தெரிந்து ஏமாற்றும். மச்சானையோ தம்பியையோ உள்ளே உட்காரவைத்து, ஸ்டியரிங்கை இடமும் வலமுமாக இரண்டு விரற்கடை அளவு மட்டும் விடாமல் அசைக்கச் சொல்லுங்கள். சக்கரம் தரையில் பாரம் தாங்கி நிற்பதால், தேய்ந்த மூட்டு ஒவ்வோர் அசைவிலும் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். ஃபேன், பெல்ட் பக்கம் மட்டும் கையைக் கொண்டுபோகாதீர்கள்.

முதலில், ரேக்கிலிருந்து வரும் டை ராட் தண்டைச் சக்கரப் பக்கம் இணைக்கும் மூட்டான டை ராட் எண்டைச் சுற்றி விரல்களை வையுங்கள். நல்ல மூட்டில் இரண்டு பாகங்களும் ஒன்றாக நகரும். தேய்ந்ததில் ஒன்று நகர்ந்து ஒரு கணம் கழித்தே மற்றது நகர்வதும், நடுவில் 'டிக்' என்று ஓர் இடி விரலில் படுவதும் தெளிவாகத் தெரியும். அடுத்து ரேக்கின் நுனியில் உள்ள மடிப்பு ரப்பர் உறையை அமுக்கிப் பிடியுங்கள். அதற்குள்தான் ரேக்கோடு டை ராடை இணைக்கும் மூட்டான ரேக் எண்ட் இருக்கிறது. என் வண்டியில் இடது பக்க உறைக்குள், பாக்குக் கொட்டை உருள்வதுபோல அந்த இடி கையில் பட்டது. ஒரு ரேக் எண்டை மாற்றி, ஸ்குருவைப் பழைய நிலைக்குத் தளர்த்தி, வீல் அலைன்மென்ட் பார்த்ததோடு வேலை முடிந்தது. உறையை அமுக்கும்போது உள்ளே எண்ணெய் சளசளத்தாலோ, உள்ளிருக்கும் தண்டே மேலும் கீழுமாக ஆடினாலோ, பட்டறைக்காரர் சொல்வது உண்மைதான். ரேக்கை ரிப்பேர் செய்யவோ மாற்றவோ வேண்டும்.

வெளியே எதுவும் சிக்கவில்லை என்றால், பெடல்களுக்கு மேலே ஸ்டியரிங் தண்டில் உள்ள சிலுவை மூட்டைத் தொட்டுப் பாருங்கள். அங்கே தேய்மானம் இருந்தால், சத்தம் காலடியிலிருந்து வருவதுபோல் இருக்கும்.

பிறகு ஜாக்கியில் ஏற்றி, ஸ்டாண்டு கொடுத்து, தூக்கிய சக்கரத்தை அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் பிடித்து அசைக்கும்போது மட்டும் ஆடினால் டை ராட் எண்டையோ ரேக் எண்டையோ சந்தேகிக்கலாம். மேலும் கீழும் பிடித்து அசைக்கும்போது ஆடினால், ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள்: ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங், மறையாவிட்டால் சக்கரப் பகுதியை லோயர் ஆர்ம் போன்ற தாங்குகையோடு இணைக்கும் பால் ஜாயிண்ட்.

தளர்வும் சத்தமும் ஒரே கோளாறாக இருக்க வேண்டும் என்பதில்லை. மேடுபள்ளத்தில் டொக் டொக் என்று அடிப்பது பெரும்பாலும் ஸ்டெபிலைசர் லிங்க் ராடுதான் (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பியைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் சிறு தண்டு). அதனால் ஸ்டியரிங் தளராது, செலவும் குறைவு. நின்ற இடத்தில் திருப்பும்போது ஸ்பிரிங் துள்ளி 'டங்' என்றால் முன் ஷாக் அப்சார்பரின் மேல்முனையைத் தாங்கும் ஸ்ட்ரட் மவுண்டைப் பார்க்க வேண்டும். முழுக்க ஒடித்து ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது கடகடவென்றால் இன்ஜின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ஆக்ஸிலில் உள்ள சிவி ஜாயிண்ட் என்ற மூட்டு. திருப்பும்போது முனகினால் பவர் ஸ்டியரிங் ஆயிலின் அளவையும், அதில் நுரை இருக்கிறதா என்பதையும் பாருங்கள். கையேட்டில் சொன்ன வகை ஆயிலை மட்டுமே ஊற்ற வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் முன்னால் டயர் காற்றைச் சரிபார்த்துவிடுங்கள், ஒன்றில் மட்டும் காற்றுக் குறைந்திருந்தாலும் நெடுஞ்சாலையில் வண்டி தளர்ந்து அலைவதுபோலவே இருக்கும். (பட்டறைக்குப் போன முதல் நாள் நானும் இதைப் பார்க்கவில்லை.)

லிங்க் ராடு மட்டும் தேய்ந்திருந்தால் சத்தத்தைப் பொறுத்துக்கொண்டு சில வாரம் ஓட்டலாம். ஆனால் டை ராட் எண்டிலோ, ரேக் எண்டிலோ, லோயர் ஆர்ம் பால் ஜாயிண்டிலோ ஆட்டம் தெரிந்தால், ஆழியாறு தாண்டி நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் ஏற வேண்டாம். அந்த மூட்டு கழன்றால் சக்கரம் உங்கள் சொல் கேட்காது. அதை மாற்றி, அலைன்மென்ட் முடித்து, பொள்ளாச்சி சாலையில் ஒருநாள் ஓட்டிப் பார்த்துவிட்டு மலையேறுங்கள்.