வாசகர் கேள்வி: மினாவின் தட்டச்சுப் பொறி

கேள்வி: பாழடைந்த கோட்டை, நள்ளிரவு, அலறி மயங்கி விழும் பெண். கோதிக் திகில் நாவல் என்றால் இவ்வளவுதானா? துணிந்து நிற்கும் நாயகி உள்ள ஒரு நாவலைச் சொல்லுங்கள்.
– கல்லூரி மாணவி ஒருவர்

பதில்: நீங்கள் நன்கு கேள்விப்பட்ட நாவலையே சொல்கிறேன். பிராம் ஸ்டோக்கர் எழுதி 1897-இல் லண்டனில் வெளிவந்த ‘டிராகுலா’தான் அது. தலைப்பு இரத்தம் குடிக்கும் டிராகுலா பிரபுவின் பெயரைத் தாங்கியிருந்தாலும், நாவலைத் தாங்கி நிற்பவள் மினா என்னும் பள்ளி ஆசிரியை என்பேன். முதல் நான்கு அத்தியாயங்களில் அவள் குரல் கேட்காது; டிராகுலாவின் திரான்சில்வேனியக் கோட்டையில் அடைபட்டுக் கிடக்கும் ஜோனதனின், அதாவது அவளை மணக்கவிருப்பவனின், நாட்குறிப்பே அங்கே பேசுகிறது. பொறுமையாகக் கடந்து வாருங்கள்.

மினா வாளேந்தியவள் அல்லள். சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்றவள். ரயில் நேர அட்டவணைகளைக் கருத்தூன்றிப் படித்து, கேட்டவுடன் சொல்லக்கூடியவள். கணவன் சுருக்கெழுத்தில் எழுதிய நாட்குறிப்பையும், மருத்துவர் சீவார்ட் ஃபோனோகிராஃப் உருளைகளில் பேசிப் பதிந்தவற்றையும், கடிதங்களையும், செய்தித்தாள் நறுக்குகளையும் தட்டச்சு செய்து, தேதி வாரியாக அடுக்கி, மூன்று படிகள் எடுக்கிறாள். தாள்களுக்கிடையே கார்பன் வைத்துப் பயிலகத்தில் பழகியவர்களுக்கு அந்த வேலையின் அலுப்பு தெரியும். பின்னர் டிராகுலா கையெழுத்துப் படிகளையும் உருளைகளையும் தீயில் எறியும்போது, இரும்புப் பெட்டிக்குள் இருந்த இன்னொரு படி தப்பிவிடுகிறது.

கேள்வி: கணவனுக்கு உதவுவதற்காகவே இவற்றைக் கற்றதாக மினாவே சொல்கிறாள். அவளை மரபை மீறியவள் என்று எப்படிக் கொள்வது?
– வாசகர் ஒருவர்

பதில்: மறுக்க மாட்டேன். அக்காலத்தில் ‘புதுயுகப் பெண்கள்’ என்று பேசப்பட்டவர்களை அவளே கேலியும் செய்கிறாள். ஆனால் அவள் தொகுத்துத் தந்ததையெல்லாம் வாங்கிக்கொண்ட ஆண்கள், ஆபத்து நெருங்கியதும், பெண் மனம் தாங்காது என்று கருதி அவளை ஒதுக்கி வைக்கிறார்கள். அவளைப் பாதுகாப்பதாக எண்ணி, அவர்கள் டிராகுலாவின் இங்கிலாந்து வீட்டைச் சோதிக்கப் போன இரவில்தான், தனியே படுத்திருந்த மினாவை அவன் நெருங்குகிறான். எனக்கு இந்த நாவலில் உண்மையான திகிலூட்டிய இடம் இதுதான்.

கடிபட்டபின் அவள் செய்வதைக் கவனியுங்கள். அவன் மனத்தோடு தன் மனம் பிணைந்துவிட்டதை உணர்ந்து, விடியுமுன் தன்னை ஹிப்னாடிச உறக்கத்தில் ஆழ்த்தும்படி டிராகுலாவை வேட்டையாடும் குழுவை வழிநடத்தும் பேராசிரியர் வான் ஹெல்சிங்கை அவளே வரவழைத்துக் கேட்கிறாள். அந்த உறக்கத்தில் நீர் மோதும் ஒலியும் சங்கிலி கடகடக்கும் ஓசையும் அவள் காதில் விழுகின்றன. அவன் கப்பலேறித் தப்புவது அப்படித்தான் தெரிய வருகிறது. அதே பிணைப்பின் வழியே அவனும் தன்னிடமிருந்து அறியக்கூடும் என்பதால், இனித் திட்டங்கள் எதையும் தன்னிடம் சொல்வதில்லை என்று கணவனிடம் வாக்கு வாங்குகிறாள். முன்பு பிறர் அவள்மீது சுமத்திய மௌனத்தை இப்போது அவளே கேட்டு ஏற்கிறாள். மரபை மீறுவது என்று நான் சொல்வது இதைத்தான். பிறகு வரைபடத்தை ஆராய்ந்து, அவன் ஆற்றுவழியேதான் திரும்புவான் என்று காரணங்களோடு எழுதிக் கொடுப்பவளும் அவளே.

ஏழு ஆண்டுகளுக்குப் பின் எழுதிய குறிப்பில் ஜோனதன், நடந்தவற்றுக்குச் சான்றாகத் தங்களிடம் மூல ஆவணம் என்று ஏறக்குறைய எதுவுமே இல்லை, இருப்பது தட்டச்சுத் தாள்களின் குவியல்தான் என்கிறான். அந்தக் குவியலில் பெரும்பகுதி மினா அடித்தது.