தொழில்நுட்பக் கேள்வி–பதில்: எக்ஸ்எம்எல்லுக்கு முன்னால் நிற்பது என்ன?

கேள்வி: எங்கள் ஜாவா நிரல் ஜேஎம்எஸ் (ஜாவாவில் செய்தி அனுப்பும் இடைமுகம்) வழியாக ஐபிஎம் எம்க்யூ (நிரல்களுக்கிடையே செய்தி கடத்தும் மென்பொருள்) க்யூவில், அதாவது செய்தி வரிசையில், சோப் (எக்ஸ்எம்எல் வடிவிலான) கோரிக்கையைப் போடுகிறது. மறுமுனையில் லினக்ஸில் ஓடும் சி நிரல் அதை எடுத்ததும், எக்ஸ்எம்எல் தொடங்கும் முன்பே ஏதோ இருக்கிறது என்று பார்சர் (எக்ஸ்எம்எல்லைப் படித்துப் பிரிக்கும் பகுதி) நின்றுவிடுகிறது. அதே எக்ஸ்எம்எல்லைக் கையால் போட்டால் ஓடுகிறது. ஏன்?

பதில்: எக்ஸ்எம்எல்லில் தவறில்லை. ஜேஎம்எஸ் தன் விவரங்களை ஆர்எஃப்எச்2 என்ற ஹெடரில் (தலைப்புப் பகுதியில்) வைத்து, செய்திக்கு முன்னால் ஒட்டி அனுப்புகிறது. கையால் போடும்போது அது ஒட்டுவதில்லை.

முதலில் கண்ணால் பார்த்துவிடுங்கள். சி நிரலை நிறுத்தி, ஒரே ஒரு கோரிக்கை அனுப்பி, எம்க்யூவின் ஏஎம்க்யூஎஸ்பிசிஜி (amqsbcg) கருவியில் க்யூ பெயர், க்யூ மேனேஜர் பெயர், மூன்றாவதாக 3 என்று கொடுங்கள். அது செய்தியைக் காட்டும், எடுத்துவிடாது. முதல் நான்கு பைட்டுகள் ஹெக்ஸில் (பதினாறடிமான எண்ணில்) 52 46 48 20 என்றிருந்தால் ஹெடர் அதுதான்.

சி நிரலுக்கு எக்ஸ்எம்எல் மட்டும் போதுமென்றால், அனுப்பும் க்யூவின் டார்கெட்கிளையன்ட் (பெறுவது ஜேஎம்எஸ் நிரலா இல்லையா என்று சொல்லும் அமைப்பு) மதிப்பை 1 ஆக்குங்கள். ஹெடர் போய்விடும். கூடவே சோப் ஆக்‌ஷன் போன்ற ஜேஎம்எஸ் பண்புகளும் (செய்தியோடு போகும் கூடுதல் விவரங்களும்) போய்விடும் என்பதை மறக்க வேண்டாம். இந்த அமைப்பில் டெக்ஸ்ட்மெசேஜையே (எழுத்தாகப் போகும் செய்தியையே) அனுப்புங்கள். பைட்ஸ்மெசேஜ் (வெறும் பைட்டுகளாகப் போகும் செய்தி) அனுப்பினால் ஃபார்மட் (செய்தியின் வகையைச் சொல்லும் புலம்) வெறுமையாகிவிடும். கன்வெர்ட் (எண், எழுத்து வடிவ மாற்றம்) கேட்டு எடுக்கும் நிரலுக்கு 2110 என்ற ஃபார்மட் பிழை வரும்.

பண்புகள் தேவையென்றால் சி நிரல்தான் ஹெடரைத் தாண்ட வேண்டும். பலரும் சறுக்குவது இங்கேதான். 36 பைட் என்பது ஹெடரின் நிலையான பகுதி மட்டுமே. பண்புகள் அதற்குப் பின்னால் வருகின்றன. முழு நீளம் 9 முதல் 12 வரையுள்ள பைட்டுகளில் இருக்கிறது. ஜாவா அதைப் பெரிய பைட் முதலில் வரும்படி எழுதும் (என்கோடிங் 273). இன்டெல் லினக்ஸ் தலைகீழாகப் படிக்கும் (என்கோடிங் 546). 152 என்ற நீளம் 00 00 00 98 என வந்து, –1744830464 ஆகப் படிக்கப்படும். எம்க்யூகெட்டில் (செய்தியை எடுக்கும் அழைப்பில்) கன்வெர்ட் கேளுங்கள், எழுத்துத்தொகுதி எண்ணை 1208 (யூடிஎஃப்-8) என முன்பே வையுங்கள். எண்ணும் எழுத்தும் ஒருசேரச் சரியாகும்.

கேள்வி: கோரிக்கையிலுள்ள தமிழ்ப் பெயர்கள் சர்வரிலிருந்து போகும்போது மட்டும் ‘????’ ஆகின்றன. பைட்ஸ்மெசேஜ்தான் அனுப்புகிறோம்.

பதில்: கெட்பைட்ஸை (எழுத்தைப் பைட்டுகளாக்கும் ஜாவா அழைப்பை) வெற்று அடைப்புக்குறியோடு அழைக்கிறீர்களா என்று பாருங்கள். ஜாவா 18க்கு முந்தைய பதிப்புகளில் அது இயங்குதளத்தின் எழுத்துமுறையையே எடுத்துக்கொள்ளும். சர்வரின் லாங் (LANG என்ற மொழி அமைப்பு) மதிப்பு ‘C’ என்றிருந்தால் அது ஆஸ்கி (தமிழெழுத்துக்கு இடமில்லாத எழுத்துமுறை). தமிழெழுத்து ஒவ்வொன்றும் கேள்விக்குறியாகும். க்யூவுக்குப் போகும் முன்பே எழுத்து அழிந்துவிடுவதால் மறுமுனையில் மீட்க வழியில்லை. அழைக்கும் இடத்திலேயே யூடிஎஃப்-8 என்று கொடுங்கள். எக்ஸ்எம்எல் முதல் வரியிலும் அதுவே இருக்கட்டும்.