கார்டு ஷோவுக்கு முதல்முறை போகிறீர்களா? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

அமெரிக்காவில் நடக்கும் கார்டு, காமிக்ஸ், பொம்மைக் கண்காட்சிகள் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். பல வருஷமாக இந்த ஹால்களில் வாங்கியும் விற்றும் வருகிறவன் என்பதால் கேள்விகள் நிறையவே வந்தன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டு, மற்றவற்றுக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

அண்ணா, கலெக்ட்-ஏ-கான், நேஷனல், சான் டியாகோ காமிக்-கான் எல்லாம் ஒன்றுதானா? முதலில் எதற்குப் போகலாம்?

மூன்றும் வேறு வேறு. நேஷனல் 1980இல் லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கியது. பேஸ்பால், பாஸ்கெட்பால் என்று முக்கியமாக விளையாட்டு வீரர்களின் கார்டுகளின் உலகம். வருஷத்துக்கு ஒருமுறை, கோடையில், பெரும்பாலும் சிகாகோ பக்கத்து ரோஸ்மான்டில் நடக்கும். சான் டியாகோ 1970இலிருந்து நடக்கிறது. அங்கே படம், தொடர் அறிவிப்புகளுக்குத்தான் கூட்டம். டிக்கெட் கிடைப்பதே பெரும்பாடு. டல்லஸ், ஹூஸ்டன், ஆர்லாண்டோ என்று ஊர் ஊராக வரும் கலெக்ட்-ஏ-கானில் போக்கிமான், யூ-கி-ஓ, மேஜிக் என்ற ஆட்டங்களின் கார்டுகள், அனிமே, ஃபன்கோ பொம்மைகள், கையெழுத்து எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருக்கும்.

ஆனால் முதல்முறை என்றால் இவை எதற்கும் போக வேண்டாம் தம்பி. உங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை ஹோட்டல் ஹாலில் ஐம்பது அறுபது மேசை போட்டு நடக்கும் ஷோ ஒன்றுக்குப் போங்கள். கடைக்காரருக்கு உங்களோடு பேச நேரம் இருக்கும். நீங்களும் அவசரப்படாமல் பார்க்கலாம்.

என் மகனுக்கு ஒன்பது வயது. பைண்டர் நிறைய போக்கிமான் கார்டு வைத்திருக்கிறான். ஷோவில் டிரேட் பண்ண வேண்டும் என்று ஒரே அடம். விடலாமா சார்?

விடுங்கள் அம்மா, ஆனால் பக்கத்திலேயே இருங்கள். இந்த விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமையானவன். வயது வந்தவர்கள் சிலர் பிள்ளைகளின் பைண்டரைத் தேடியே வருவார்கள். பளபளப்பாக, பெரிதாக, ஆனால் இரண்டு டாலர்கூடப் பெறாத கார்டுகள் மூன்றைக் காட்டி, முப்பது டாலர் கார்டு ஒன்றைக் கேட்பார்கள். பிள்ளைக்கு மூன்று என்றால் லாபம்! இது டிரேட் இல்லை, ஏமாற்று. பார்த்தால் நான் குறுக்கே போய்ப் பேசிவிடுவேன்.

கிளம்புவதற்கு முந்தின இரவு பையனோடு உட்கார்ந்து பைண்டரை ஒருமுறை புரட்டுங்கள். ஐந்து டாலருக்கு மேல் போகும் கார்டுகள் எவை என்று டிசிஜிபிளேயர் என்ற கார்டு விற்பனைத் தளத்தில் பார்த்து, அவற்றை ஒரே பக்கத்துக்கு மாற்றுங்கள். "இந்தப் பக்கத்தில் கை வைப்பதற்கு முன்னால் அம்மாவைக் கேட்கணும்" என்று ஒரே ஒரு விதி போதும். மற்ற பக்கங்களில் அவன் இஷ்டம். பிடித்த பிகாச்சு கார்டுக்காக ஒரு டாலர் நஷ்டப்பட்டால் படட்டும், அது அவன் சந்தோஷம். அப்புறம், ஜிப் வைத்த பைண்டராக வாங்குங்கள். அந்நியர் புரட்டும்போது பைண்டர் உங்கள் கையிலோ அவன் கையிலோதான் இருக்க வேண்டும்.

போலி கார்டை எப்படிக் கண்டுபிடிப்பது?

அதிகம் பேர் கேட்ட கேள்வி இதுதான். இணையத்தில் வாங்கும்போது படத்தை மட்டும்தான் பார்க்கிறோம். ஷோவில் கார்டு கைக்கு வருகிறது. அந்த வாய்ப்பைப் பயன்படுத்தாமல் காசை நீட்டாதீர்கள். உரசிப் பார்க்காமல் யாராவது பழைய நகை வாங்குவார்களா?

ஒரு சாதாரண போக்கிமான் கார்டை, அதாவது அசல் என்று நிச்சயமாகத் தெரிந்த ஒன்றை, வீட்டிலிருந்து எடுத்துப் போங்கள். சந்தேகம் வந்த கார்டை அதன் பக்கத்தில் வைத்தால் பாதி வேலை முடிந்தது. பின்பக்க நீலம் வெளிறியோ ஊதா அடித்தோ இருக்கிறதா பாருங்கள். போக்கிமான் என்ற ஆங்கில எழுத்தில் 'ஈ'க்கு மேலே ஒரு சாய்கோடு உண்டு. மட்டமான போலிகளில் அது விட்டுப்போயிருக்கும். இன்றைய விலை உயர்ந்த முழுப்படக் கார்டுகளில் விரல் ரேகை மாதிரி மெல்லிய மேடு பள்ளம் இருக்கும். கார்டைச் சாய்த்தால் வெளிச்சத்தில் தெரியும். போலியில் பெரும்பாலும் வழவழவென்று வெறும் பளபளப்புதான்.

நகை ஆசாரிகள் கண்ணில் வைத்துப் பார்க்கும் லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், விலை அதிகமில்லை. மேஜிக் கார்டு என்றால் பின்பக்கத்தில் ஐந்து நிற உருண்டைகள் இருக்கும். பச்சை உருண்டையை லென்ஸில் பார்த்தால் நான்கு சிவப்புப் புள்ளிகள் 'எல்' எழுத்து வடிவில் நிற்கும். முன்பக்கக் கறுப்பு எழுத்துகள் கெட்டியான கறுப்பாக இருக்க வேண்டும். புள்ளி புள்ளியாகச் சிதறினால் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கேட்டு வாங்கிப் பார்ப்பதில் கூச்சம் வேண்டாம். நல்ல கடைக்காரர் தானே லென்ஸை எடுத்துத் தருவார். தயங்குகிறவரிடம் வாங்க வேண்டியதில்லை.

ஸ்லாபில் இருந்தால் பயமில்லைதானே?

பயம் குறைவு, அவ்வளவுதான். பிஎஸ்ஏ, சிஜிசி, பெக்கட் போன்ற நிறுவனங்கள் கார்டைச் சோதித்து, 1 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு, பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துத் தருவதைத்தான் ஸ்லாப் என்கிறோம். லேபிளில் ஒரு சான்று எண் இருக்கும். அதை அந்த நிறுவனத்தின் தளத்தில் அங்கேயே தட்டிப் பாருங்கள். ஆனால் போலி ஸ்லாப் செய்கிறவர்கள் அசலான ஒரு எண்ணைத்தான் காப்பியடிப்பார்கள், அதனால் எண் சரியாகவே வரும். தளத்தில் படம் இருந்தால் அதையும் கையில் இருக்கும் கார்டையும் ஒப்பிடுங்கள். ஓரத்து வெள்ளைப் பொட்டு, ஹோலோ என்னும் மின்னும் படலத்தில் சுழி விழுந்திருக்கும் இடம் இவையெல்லாம் கார்டுக்குக் கார்டு மாறும். பெட்டியின் விளிம்பில் பிரித்து ஒட்டிய தடம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

1999 என்று போட்ட சாரிசார்ட் போக்கிமான் கார்டு ஒன்று வீட்டில் இருக்கிறது. லட்சக்கணக்கில் போகும் என்கிறார்கள். உண்மையா அண்ணா?

போக்கிமான் கார்டு ஜப்பானில் 1996 அக்டோபரிலும், ஆங்கிலத்தில் 1999 ஜனவரியிலும் வந்தது. அந்த ஆண்டு ஏராளமாக அச்சடித்தார்கள். அதனால் 1999 என்ற எண்ணை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. படத்துக்குக் கீழே இடது ஓரத்தில், வட்டத்துக்குள் 1 போட்ட கறுப்பு முத்திரை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் முதல் பதிப்பு. உடனே ஸ்லீவில், அதாவது மெல்லிய பிளாஸ்டிக் உறையில், போட்டுவிட்டு மறுபடி எழுதுங்கள். முத்திரை இல்லை, ஆனால் படச் சட்டத்தின் வலப்பக்கம் நிழலும் இல்லை என்றால் மதிப்பில் அடுத்த நிலை. நிழல் இருந்தால் பொதுப் பதிப்பு. அதற்கும் நல்ல விலை உண்டு, ஆனால் நிலைமையைப் பொறுத்தது. கார்டு எண் 4/102 என்று இருக்க வேண்டும். 4/130 என்றால் 2000ஆம் ஆண்டு மறுபதிப்பு. 4/102 என்றிருந்து, 25 என்ற சின்னமும் தெரிந்தால் அது 2021இல் வந்த வெள்ளிவிழா கார்டு.

வாடகை வீட்டு ஓனர் 1990 பேஸ்பால் கார்டு இரண்டு பெட்டி கொடுத்தார். விலை போகுமா?

80களின் கடைசியிலும் 90களின் தொடக்கத்திலும் அளவுக்கு மீறி அச்சடித்த காலம் அது. பெரும்பாலானவற்றுக்கு விலை இல்லை. 1989 அப்பர் டெக்கின் கென் கிரிஃபி ஜூனியர் போன்ற அறிமுகக் கார்டுகள் சில விதிவிலக்கு.

பேரம் பேசலாமா? எப்படி?

தாராளமாக. ஒட்டியிருக்கும் விலை பேச்சின் தொடக்கம்தான். ஈபேயில் "விற்றவை" என்ற வடிகட்டியைப் போட்டு, அதே கார்டு அதே நிலையில் அண்மையில் என்ன விலைக்குப் போனது என்று பாருங்கள். கேட்கும் விலையைக் கணக்கில் எடுக்காதீர்கள், யாரும் என்ன வேண்டுமானாலும் கேட்கலாம். ஒரே மேசையில் மூன்று நான்கு கார்டு எடுத்து, மொத்தமாக ஒரு விலை சொல்லி, ரொக்கத்தைக் காட்டுங்கள். ஞாயிறு பிற்பகலில் மூட்டை கட்டும் நேரத்தில் விலை இன்னும் இறங்கும். ஆனால் நல்ல கார்டு அதுவரை காத்திருக்காது.

நீங்கள் விற்பதென்றால் கடைக்காரர் சந்தை விலையில் 70 அல்லது 80 சதவீதம் தருவார். டிரேட் என்றால் இன்னும் கொஞ்சம் கூடும். மேசை வாடகை, பயணம், ஹோட்டல் எல்லாம் அவர் தலையில் இருக்கிறது, நியாயமான கணக்குதான் இது. பாதி விலைக்குக் கேட்டால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போங்கள்.

பழைய 1999 போக்கிமான் கார்டு பாக்கெட்டுகளைப் பிரிக்காமலே விற்கிறார்களே, வாங்கலாமா?

தனிப் பாக்கெட் வேண்டவே வேண்டாம். ஹோலோ கார்டில் படலம் இருப்பதால் அந்தப் பாக்கெட் கொஞ்சம் கனமாக இருக்கும். தராசில் வைத்துக் கனமானவற்றைத் தனியே எடுத்துக்கொண்டு மிச்சத்தை விற்பது இருபது வருஷத்துக்கு மேலாக நடக்கிறது. பிரித்து மறுபடி ஒட்டியவையும் உண்டு. அந்தக் காசுக்கு உங்களுக்குப் பிடித்த ஒரே ஒரு கார்டை வாங்குங்கள்.

ஃபன்கோ பாப்பில் எதைப் பார்க்க வேண்டும்?

பெட்டியை. மூலை நசுங்கினால் விலை போயிற்று. அப்புறம் ஸ்டிக்கர். காமிக்-கான் பெயர் போட்ட ஸ்டிக்கர் இருப்பதற்கும், அதே பொம்மை கடையில் விற்கப்பட்டபோது ஒட்டிய "சம்மர் கன்வென்ஷன்" ஸ்டிக்கர் இருப்பதற்கும் விலை வேறு. ஸ்டிக்கரை மட்டும் போலியாக அச்சடித்து ஒட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்.

குரல் கலைஞர்களிடம் கையெழுத்து வாங்க வேண்டும். டிக்கெட்டோடு சேர்ந்ததா?

இல்லை. கையெழுத்துக்குத் தனிக் கட்டணம், சேர்ந்து படம் எடுக்கத் தனிக் கட்டணம். பின்னாளில் விற்கும் எண்ணம் இருந்தால் அங்கேயே கையெழுத்துக்குச் சான்று தரும் ஜேஎஸ்ஏ அல்லது பெக்கட் நிறுவனத்தின் மேசை இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். கையெழுத்துப் போடுவதை அவர்கள் ஆளே நேரில் பார்த்துச் சான்று தருவது தனி மதிப்பு. விற்கும் எண்ணமே இல்லை என்றால் உங்கள் பெயரையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

வாங்கிய கார்டை எப்படிக் கொண்டுவருவது? ஊருக்குப் போகும்போது விமானத்திலும் எடுத்துப் போக வேண்டும்.

கார்டை நேராக டாப்லோடரில், அதாவது கெட்டியான பிளாஸ்டிக் உறையில், திணிக்கக் கூடாது, பரப்பு கீறும். முதலில் மெல்லிய ஸ்லீவ். ஸ்லீவின் வாயை விரலால் லேசாகத் திறந்து, கார்டை ஒரு மூலை முதலில் இறங்குமாறு சாய்த்து விட்டு, மெதுவாக நேராக்குங்கள். மூலைகள் மடிவது பெரும்பாலும் இந்த ஒரு நொடியில்தான். அப்புறம் டாப்லோடர். மேல் வாயைச் சாதாரண டேப்பால் ஒட்டினால் பசை கார்டு வரை இறங்கும். வண்ணம் பூசுகிறவர்கள் பயன்படுத்தும் நீல டேப்பை, உரிப்பதற்கு ஒரு நுனி மடித்துவிட்டு ஒட்டுங்கள். யூ-கி-ஓ கார்டு 59 x 86 மில்லிமீட்டர், போக்கிமானும் மேஜிக்கும் 63 x 88. ஸ்லீவ் வாங்கும்போது அளவைச் சொல்லி வாங்குங்கள்.

விமானத்தில் கைப்பையில்தான் வைக்க வேண்டும். கீழே போகும் பெட்டியில் போடாதீர்கள். வாங்கிய ரசீதையும் அதே பையில் வையுங்கள், சென்னையில் சுங்கத்தில் கேட்டால் காட்டத் தேவைப்படும்.