ஒளிப்படம் கேள்வி-பதில்: அரிச்சல்முனையில் கேமரா

கேள்வி: தனுஷ்கோடியில் இடப்பெயர்வு, சுற்றுலா, ராமாயணம் மூன்றையும் சேர்த்து ஒரு படத்தொடர் எடுக்கிறேன். எல்லாப் படமும் காலண்டர் மாதிரியே வருகிறது. எங்கே தவறு?
– வாசகி, காரைக்குடி

பதில்: இடிந்த தேவாலயத்தையும் சூரிய உதயத்தையும் கொஞ்ச நாள் தள்ளிவையுங்கள். முதலில் கோதண்டராமர் கோயில். கடல் தாண்டி வந்த விபீஷணன் ராமனிடம் அடைக்கலம் கேட்ட இடம் என்பது அதன் ஐதீகம். 1983-க்குப் பிறகு ஈழத்தமிழர்கள் படகில் வந்து இறங்கியதும் இந்தக் கரையில்தான். இலங்கையின் 2022 பொருளாதார நெருக்கடியிலும் வந்தார்கள். எதிர்த்திசையிலும் ஆட்கள் போயிருக்கிறார்கள். இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்களை மண்டபம் முகாமில் நோய்த்தடுப்புக்காக நிறுத்திவைத்துத்தான் அனுப்பினார்கள். அதே மண்டபத்தில் இன்று இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம். ஆக, அடைக்கலம்தான் உங்கள் தொடரின் முடிச்சு. 2017-இல் தனுஷ்கோடியின் நுனியான அரிச்சல்முனை வரை சாலை திறந்தபின் குவியும் செல்ஃபிக் கூட்டத்தையும் அந்த முடிச்சோடு சேர்த்தே பாருங்கள்.

இனி எடுக்கும் முறை. ஃபுல் ஃப்ரேம் கேமராவில் 35 மி.மீ. லென்ஸ் ஒன்றே போதும். ட்ரைபாடில் கேமராவை மட்டம் பார்த்து வைத்தால் கடல்கோடு சட்டகத்தின் நடுவில் விழும். எல்லாப் படத்திலும் அப்படியே விழட்டும். செல்ஃபி எடுப்பவர், ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்தில் முழுக்குப் போடுபவர், கரையேறும் வள்ளம் என எந்தப் படத்தைச் சுவரில் அடுத்தடுத்து மாட்டினாலும் கோடு அறுபடாது. அகன்ற லென்ஸில் கோட்டை மேலேயோ கீழேயோ தள்ளினால் அது வில்லாக வளையக்கூடும். பிறகு படங்களின் கோடுகளை இணைப்பது கடினம்.

ஒளியைக் குறைக்கும் 10 ஸ்டாப் என்.டி. ஃபில்டர் போட்டால் 1/125 விநாடி ஷட்டர் வேகம் 8 விநாடியாகி, அலை பால்போல் வழுக்கிவிடும். காலண்டர் வாசனை பாதி அங்கிருந்துதான் வருகிறது. 1/500-இல் எடுங்கள், தண்ணீரின் எடை தெரியும். வெண்மணல் கேமராவின் மீட்டரை ஏமாற்றிப் படத்தைச் சாம்பலாக்கும். எக்ஸ்போஷரை +2/3 முதல் +1 ஸ்டாப் வரை கூட்டுங்கள். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் மன்னார் வளைகுடாப் பக்கம் கொந்தளிக்கும். வாடை வந்ததும் பாக் நீரிணைப் பக்கம். திரும்பும் அலை ட்ரைபாட் காலடி மணலை அரிக்கும். கால்களை அரையடி அழுத்தி, இரண்டு அலை போகவிட்டு, மறுபடி மட்டம் பாருங்கள்.

கேள்வி: முகாமில் இருப்பவர்களை எடுக்கலாமா?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் கேமராவோடு உள்ளே போகாதீர்கள். அனுமதி கிடைத்தாலும், படம் எங்கே மாட்டப்படும், யார் பார்ப்பார்கள் என்று சொல்லி ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சம்மதம் கேளுங்கள். பிறகு வேண்டாம் என்றால் படத்தை நீக்கிவிடுவதாக உறுதி கொடுங்கள். அக்கரையில் அவர்களுக்கு உறவினர் இருக்கிறார்கள். ஒரு முகம் வெளியானால் அங்கே யாருக்காவது தொல்லை வரலாம். அடையாள அட்டை, வீட்டு எண் எதுவும் சட்டகத்தில் வேண்டாம். கோப்பிலுள்ள ஜி.பி.எஸ். தகவலையும் நீக்குங்கள்.

முகத்தைவிட வலுவான வழி ஒன்று உண்டு. எங்கே இறங்கினீர்கள் என்று கேட்டு, அந்த வெற்றுக் கரையை எடுத்து, அவர் சொன்னதை அவர் பேச்சுவழக்கிலேயே கீழே போடுங்கள். தேதியும் படகோட்டியின் பெயரும் மட்டும் சேர்க்க வேண்டாம்.

கேள்வி: உப்புக்காற்றில் லென்ஸ் மங்குகிறதே?
– வாசகர், திருச்சி

பதில்: காய்ந்த துணியால் துடைக்காதீர்கள், மணல் துகள் கீறிவிடும். முதலில் ப்ளோயரால் ஊதி, டிஸ்டில்டு வாட்டரில் நனைத்துப் பிழிந்த மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். ஏ.சி. அறையிலிருந்து கிளம்பும்போது கேமராவை மூடிய பையிலேயே அரை மணி நேரம் விட்டுவையுங்கள். லென்ஸ் மாற்றுவது காருக்குள் மட்டும்.