எதிர்மனுதாரர் வெட்டினார்

வணக்கம் ஐயா,

திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் தெரு நலச்சங்கக் கூட்டத்தில் மழைநீர் வடிகாலைப் பற்றிப் பேச எழுந்தேன். முன்னாள் செயலாளர் ஒருவன், வயதில் என்னைவிட மூத்தவன், 'உனக்கென்ன தெரியும், உட்கார்' என்று கத்தினான். அவன் வீட்டுப் படிக்கட்டே வடிகாலின் மேல்தான் இருக்கிறது. பதிலுக்குக் கத்தத் தெரியாமல் உட்கார்ந்துவிட்டேன். மரியாதையாகப் பேசுவது கோழைத்தனமா? இந்தக் காலத்து மனிதர்களுக்கு நாகரிகமே இல்லையா? பேச்சுக்கலை நூல்கள் ஏதேனும் சொல்லுங்கள்.
ஆர்.

அன்புள்ள ஆர்.,

கூட்டத்தில் அவமானப்பட்டு வீடு திரும்பிய இரவு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். சோறு இறங்காது. சொல்லாமல் விட்ட பதில்களெல்லாம் படுத்த பிறகுதான் வரும். நீங்கள் கோழை இல்லை.

நூல்களை விடுங்கள். 'இந்தக் காலத்து மனிதர்கள்' என்பதையும் விடுங்கள். வள்ளலாரின் பாடல்கள் அருளால் வந்தவையா, மருளால் வந்தவையா என்று அவர் தரப்பும் ஆறுமுக நாவலர் தரப்பும் போட்ட அருட்பா மருட்பாச் சண்டை 1869இல் நம் கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை வந்தது. 1874இல் வள்ளலார் மறைந்தார், 1879இல் நாவலர் மறைந்தார். அதன் பிறகும் இரு தரப்பாரும் அச்சில் வைதுகொண்டுதான் இருந்தார்கள். அத்தனை பேரும் தமிழ் கற்றவர்கள்.

என்னை உறுத்தியது வேறு. உங்கள் கடிதத்தைத் திரும்பப் படியுங்கள். 'ஒருவன்', 'மூத்தவன்', 'கத்தினான்'. கூட்டத்தில் காப்பாற்றிய மரியாதையை வீட்டுக்கு வந்து காகிதத்தில் தொலைத்திருக்கிறீர்கள். தமிழில் சண்டை வினைச்சொல்லின் கடைசி எழுத்தில்தான் மூள்கிறது. 'வடிகால் மேல் படி கட்டியிருக்கிறார்' என்றால் படியைப் பற்றிப் பேசலாம். 'கட்டியிருக்கிறான்' என்று சொன்னீர்களோ, படி மறந்துபோகும். யார் யாரை 'அவன்' என்றது என்பதே அன்றைய வழக்காகிவிடும். மழைத் தண்ணீர் தெருவில் நிற்கும்.

என் அப்பா மஞ்சக்குப்பத்தில் மரத்தடியில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுத்தவர். பள்ளி விடுமுறையில் நான் கார்பன் தாள் செருகிக் கொடுப்பேன். வரப்பை வெட்டி நிலத்தைச் சேர்த்துக்கொண்ட பங்காளியின் மேல் மனுப்போட ஒருநாள் ஒருவர் வந்தார். அப்பா எழுதியதைப் படித்துக் காட்டினார்: 'எதிர்மனுதாரர் இரவோடு இரவாக வரப்பை வெட்டினார்.'

வந்தவர் கொதித்துவிட்டார். "அந்தத் திருட்டுப் பயலுக்கு 'ஆர்' போடுகிறீர்களா?"

அப்பா பேனாவை மூடினார். "வெட்டியதை நான் மறைக்கவில்லை. எத்தனை அடி வெட்டினார், சொல்லுங்கள், அதையும் எழுதுகிறேன். 'வெட்டினான்' என்று எழுத வேறு ஆளைப் பாருங்கள்."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். போய்விடுவார் என்று நினைத்தேன். பிறகு குந்தி உட்கார்ந்து, தரையில் குச்சியால் கோடு கிழித்து அடிக்கணக்குச் சொல்லத் தொடங்கினார்.

அடுத்த கூட்டத்துக்கு முன்பு அந்த வடிகாலை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். அவர் மறுபடியும் 'உட்கார்' என்றால், "முடித்துவிட்டு உட்காருகிறேன் ஐயா" என்று சொல்லிவிட்டு, நின்றபடியே அளவைப் படியுங்கள்.